தோற்பவளுக்குக் குரல் கொடுத்தவள்

நாயகி வேடத்துக்குக் குரல் கொடுக்கப் போய்த் தோற்றவளைத் திரும்பக் கூப்பிட்டு, நாயகியின் எதிராளியாகப் பேசச் சொல்வது டோக்கியோவின் அனிமே கார்ட்டூன் தொழிலில் நெடுநாளாக நடப்பதுதான். தோற்றவள் தொண்டையில் கசப்பு தானாகவே ஊறும், அதற்குத் தனியாகக் கூலி தர வேண்டியதில்லை என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. உசுகி கயோவுக்கும் ஷிகுரே என்ற எதிராளி வேடம் அப்படித்தான் கிடைத்தது.

தொடரின் பெயர் 'ஒரு மூச்சு தூரம்'. மலையூர்ப் பள்ளி ஒன்றில் ஓட்டப்பந்தயம் ஓடும் பெண்களின் கதை. நாயகி மொமோ விழுவாள், எழுவாள், சிரிப்பாள், கடைசியில் ஜெயிப்பாள். ஷிகுரே அவளைவிட நன்றாக ஓடுகிறவள், அவளைவிட உழைக்கிறவள், ஒவ்வொரு முறையும் அவளிடம் தோற்கிறவள். துணை நாயகியை வளர்க்கக் கதை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நாயகியோடு மோத விடுவார்கள், தோற்கடிப்பார்கள், தோற்ற இடத்தில் அவளுக்கு ஒரு அம்மாவையும் ஒரு பழைய காயத்தையும் நாலு நல்ல வசனத்தையும் கொடுப்பார்கள். அடுத்த வாரம் மறுபடியும் தோற்கடிப்பார்கள். தீனி எதற்காகப் போடுகிறார்கள் என்று கோழிக்கா தெரியும்?

மொமோவுக்குக் குரல் மகாபே ரின்கோ. கயோவும் அவளும் குரல் பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். நெரிமாவில் ஒரு சலவைக் கடையின் மாடியில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். மொமோ வேடத்துக்கான தேர்வுக்கு இருவரும்தான் போனார்கள். முடிவு வந்த அன்று கயோ கைதட்டிச் சிரித்தாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த வீட்டுச் சுவருக்கு அட்டைக் கனம்தான். ரின்கோவுக்குக் கேட்டிருக்கும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கயோவுக்கு முப்பது தாண்டிவிட்டது. அதுவரை 'மாணவி இரண்டு', 'பேருந்தில் ஒரு பெண்' என்று பெயரில்லாதவர்களுக்கே பேசியவள். பகலில் ஒரு பல்பொருள் அங்காடியில் உருளைக்கிழங்குக் கொரோக்கே பொரித்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊரான நீகாதாவிலிருந்து அம்மா தொலைபேசியில், "போதும்டி, வந்து சேரு" என்பதை வணக்கம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். கயோவுக்கு ஆசை ஒன்றே ஒன்று. தன்னை யாராவது ஒருவர் நடிகை என்று சொல்ல வேண்டும். வாய்ப்பில்லாதவள், பாவம், விடாமுயற்சிக்காரி என்றெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நடிகை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒலிப்பதிவு அறையில் மைக் நாலு, ஆள் பத்துப் பன்னிரண்டு. திரையில் படம் ஓடும்போது முறை வந்தவள் எழுந்து போய்ப் பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு வந்து உட்கார வேண்டும். காலடி கேட்கக் கூடாது, தாள் புரளக் கூடாது. பெரிய ஆட்கள் நடுவில் உட்காருவார்கள், சின்ன ஆட்கள் கதவோரம். கயோ வயதில் பெரியவள், ஆனாலும் கதவோரம்தான். ஓடுகிறவர்கள் கதை என்பதால் வசனத்தில் பாதி வெறும் மூச்சு. தாளில் 'மூச்சு' என்று ஒரு சொல்தான் இருக்கும். எந்தத் தூரத்தில் எப்படி இரைக்கிறது என்று தெரிந்துகொள்ள, கயோ ஷாகுஜீ ஆற்றங்கரையில் கொரோக்கே எண்ணெய் நாற்றத்தோடு ஓடினாள். யாரும் ஓடச் சொல்லவில்லை.

அந்த மூச்சு வேலை செய்தது. தொடர் ஓடத் தொடங்கிச் சில வாரங்களிலேயே பார்வையாளர்கள் ஷிகுரேயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிடித்தவர் யார் என்று நடத்திய வாக்கெடுப்பில் அவள் முதலிடம். மொமோ நாலாவது. மூன்றாவது இடம் மொமோ வளர்க்கிற நாய்க்கு.

"ஏண்டி, என் நாய்கூட என்னைத் தாண்டிடுச்சு" என்றாள் ரின்கோ, அடியில் சூடு வரும் கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு.

"வாரத்துக்கு ஒரு தடவை 'வள்'னு மட்டும் சொல்லுது. நீ வளவளன்னு பேசறே. அதான்."

"சிரிடி, நல்லா சிரி. உனக்கென்ன, தோத்துத் தோத்தே மகாராணி ஆயிட்டே. நான் ஜெயிச்சு ஜெயிச்சு நாய்க்குக் கீழே கிடக்கிறேன்."

இருவரும் சிரித்தார்கள். ரின்கோ கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டாள். கயோ அதைக் கவனித்திருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக முன்னால் போகிறவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றுமா?

பதினோராம் பகுதியின் வசனப் புத்தகம் வந்தபோது கயோ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. மாநிலப் போட்டியில் ஷிகுரே முதலில் வருகிறாள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் அவளுக்கு ஒரே வார்த்தை: 'வந்துட்டேன்.'

"ரின்கோ, ஷிகுரே ஜெயிக்கிறாடி!"

ரின்கோ தன் புத்தகத்தை எடுக்கப் போகவில்லை. "ஆமா, பார்த்தேன்" என்றாள். "கொண்டாட வேண்டியதுதான்."

அன்று மாலை அவளே கடைக்குப் போய் விலாங்கு மீன் சோறு வாங்கி வந்தாள். பெரிய துண்டைக் கயோ பக்கம் தள்ளினாள். கயோ அந்த ஒற்றை வார்த்தையை விதவிதமாகச் சொல்லிக் காட்டினாள். அழுகையோடு, சிரிப்போடு, நம்ப முடியாமல், மூச்சு வாங்க. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள்.

"மூணாவது" என்றாள் ரின்கோ, சோற்றைப் பார்த்தபடி.

அந்த வாரம் முழுக்கக் கயோ எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்று 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்று முணுமுணுத்தாள். வரிசையில் நின்ற ஒரு தாத்தா, "வந்தா கொரோக்கேயைக் குடும்மா" என்றார்.

ஒலிப்பதிவு அன்று ஒலி இயக்குநர் ஒகிஷிமா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார். "கடைசி ஓட்டத்துக்கு ஒத்திகை வேணாம். நேரா எடுத்துடலாம். படம் இன்னும் வரைஞ்சு முடியலை, மன்னிச்சுக்கோங்க." வரைகிறவர்கள் தாமதம் செய்த தொடர் அது. ஒலிப்பதிவும் ஒளிபரப்பும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடின. திரையில் வெறும் பென்சில் கோடுகள்தான். கயோ ஒரு மைக்கில், ரின்கோ பக்கத்து மைக்கில். விளக்கு சிவந்தது.

கயோ ஓடினாள். நின்ற இடத்தில், தோளை மட்டும் அசைத்து, ஆற்றங்கரையில் கற்ற மூச்சையெல்லாம் விட்டு ஓடினாள். பென்சில் ஷிகுரே முன்னால் போனாள். எல்லைக் கோடு தெரிந்தது. கயோ அந்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். திரையில் ஷிகுரேயின் கால் மடங்கியது. அவள் விழுந்தாள். பின்னால் வந்த பென்சில் மொமோ அவளைத் தாண்டிப் போனாள். பக்கத்து மைக்கில் ரின்கோவின் குரல் தெளிவாக, தயங்காமல் கேட்டது: "ஜெயிச்சிட்டேன்! ஷிகுரே, நான் ஜெயிச்சிட்டேன்!"

கயோவின் கையிலிருந்த தாளில் அப்படி ஒரு வரி இல்லை. அவள் ரின்கோவைத் திரும்பிப் பார்த்தாள். ரின்கோ திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கயோவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறலும் இல்லை, அழுகையும் இல்லை. மிதிபட்டதன் சத்தம். அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை, பிறகு வந்தது, பிறகு விக்கியது. எல்லாம் மைக்கில் விழுந்தது.

விளக்கு அணைந்தது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோர் கையிலும் இருந்த புத்தகம் ஒன்று, அவள் கையில் இருந்தது வேறு. கதவோரம் உட்கார்ந்திருந்த புதுப்பெண் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒகிஷிமா எழுந்து உள்ளேயே வந்துவிட்டார். "கயோ சான், அபாரம்! ஒரே தடவைல முடிச்சிட்டீங்க. கோவிச்சுக்கக் கூடாது. தொடருக்காகத்தான்."

"நிஜப் புத்தகத்தைக் குடுத்திருந்தா நான் நடிச்சிருக்க மாட்டேனா?"

"நடிச்சிருப்பீங்க. நடிப்பாதான் இருந்திருக்கும்." அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "நன்றியை ரின்கோ சானுக்குச் சொல்லுங்க. யோசனை அவங்களோடது. தோக்கற மாதிரி நடிக்க அவளுக்கு வராது, நிஜமாத் தோத்தாத்தான் வரும்னாங்க. எவ்வளவு சரியாச் சொல்லியிருக்காங்க பாருங்க!"

ரின்கோவின் முகத்தில் ஈயாடவில்லை.

கீழே பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கயோ அவளை நிறுத்தினாள்.

"விலாங்கு வாங்கிட்டு வந்தியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"மூணாவது நல்லா இருக்குன்னியே."

"நல்லாத்தான் இருந்துச்சு." ரின்கோ குனிந்துகொண்டே பேசினாள். பிறகு நிமிர்ந்தாள். "என்னடி செய்யச் சொல்றே? கதையில தோத்துட்டு வெளியில ஜெயிச்சிட்டே இருந்தே. என் தொடர்டி அது. நான் ஜெயிச்ச வேஷம். தெருவுல போற பொண்ணுங்க உன் கையெழுத்தை வாங்கித் தரச் சொல்லி என்கிட்ட கேக்கறாங்க. ஒரு நாளாவது எல்லார் முன்னாடியும் நான் உன்னைத் தாண்டிப் போகணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"தாண்டினது பரவால்ல. நடிக்க வராதுன்னியே, அதை நம்பித்தான் சொன்னியா?"

ரின்கோ திரும்பி இயந்திரத்தில் காசு போட்டாள். அதுவே பதில் என்று கயோ எடுத்துக்கொண்டாள். கூட இருந்தே குழி பறித்ததைக்கூட மறக்கலாம். பறித்தவள் பள்ளிக் காலத்திலிருந்து தன் ஒவ்வொரு வேடத்தையும் பார்த்தவள், பார்த்துவிட்டு இவளுக்கு வராது என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தவள் என்பதுதான் அறுத்தது.

பதினோராம் பகுதி ஒளிபரப்பானதும் அந்தச் சத்தம் ஊரெங்கும் பரவியது. மறுநாள் கடையில் பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் கைபேசியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். "என்னமா நடிச்சிருக்கா பாரேன்" என்றாள் ஒருத்தி, கயோவிடம் கொரோக்கேயை வாங்கிக்கொண்டே. கயோ சில்லறையைக் கொடுத்துக் குனிந்து நன்றி சொன்னாள். நடிகை என்று கடைசியில் ஊரே சொல்லிவிட்டது, அவள் நடிக்காத ஒரே இடத்தைக் காட்டி. எரிச்சலில் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

படம் தாமதமானதால் கடைசிப் பகுதி இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வாரமும் ஒரே வீட்டில் இருவரும் 'போயிட்டு வரேன்', 'வந்துட்டேன்' தவிர ஒன்றும் பேசவில்லை. இந்த முறை வசனப் புத்தகம் சரியானதுதானா என்று கயோ தயாரிப்பு அலுவலகத்துக்கே போய்ப் பார்த்துக்கொண்டாள். சரியானதுதான். இந்த வகைத் தொடர்கள் எல்லாம் முடிகிற இடத்தில்தான் அதுவும் முடிந்தது. காலில் கட்டோடு ஷிகுரே மொமோவைத் தேடி வருகிறாள். ஜெயித்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ எனக்கு முன்னால ஓடினதாலதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். உன்மேல எனக்குத் துளியும் கோபம் இல்ல' என்கிறாள். தோற்கடிக்கப்பட்டவள் வந்து நன்றி சொன்னால்தான் பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் வரும்.

"இதுக்கு ஒத்திகை வேணுமா?" என்று ஒகிஷிமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேணாம்" என்றாள் கயோ.

விளக்கு சிவந்தது. கயோ வயிற்றிலிருந்து எழுந்த கசப்பை அப்படியே தொண்டைக்குக் கீழே நிறுத்தினாள். ஒரு சொட்டுகூட மேலே ஏறவில்லை. மேலே வந்த குரலில் ஈரம் இருந்தது, வெட்கம் இருந்தது, நெடுநாள் தோழியிடம் மட்டும் வருகிற ஒரு செல்லச் சலிப்பும் இருந்தது. 'துளியும்' என்ற சொல்லில் குரலைக் கொஞ்சம் உடைத்து, உடைந்த இடத்திலேயே ஒரு சிரிப்பை வைத்தாள். எங்கே உடைப்பது, எவ்வளவு உடைப்பது என்று ஆற்றங்கரையில் நடந்து நடந்து முடிவு செய்திருந்தாள். அவள் பேசி முடித்தபோது நடு இருக்கையில் இருந்த பெரிய ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ரின்கோவுக்குத் தன் வரியைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் பகுதியை மட்டும் தனியாக எடுக்க வேண்டியதாயிற்று.

முடிந்ததும் நடைபாதையில் ரின்கோ ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மன்னிச்சிட்டே. மன்னிச்சிட்டே இல்ல? எனக்குக் கேட்டுச்சுடி. இத்தனை வருஷமா உன் குரலைக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா? மனசுல இல்லாம அப்படிப் பேச யாராலயும் முடியாது."

"முடியும்" என்றாள் கயோ. "இப்பதானே பேசிக் காட்டினேன்."

ரின்கோவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. உள்ளே எல்லோரும் ஒருவருக்கொருவர் 'நன்றாக உழைத்தீர்கள்' என்று வாழ்த்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. தனக்கு நடிக்கத் தெரியும் என்பது கயோவுக்கு அன்றுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அதை ஓடிப்போய்ச் சொல்லிச் சந்தோஷப்பட இந்த ஊரில் அவளுக்கு இருந்தவள் ஒருத்திதான். அவள் எதிரே நின்று அழுதுகொண்டிருந்தாள்.