இருநூற்று நாற்பது வாட்

“இது வயிறாரச் சாப்பிடவே இல்லையே, தம்பி,” என்றாள் அண்ணி.

அவன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டுரைக்கான தலைப்பு அப்போதுதான் சர்க்கரையாக வந்து விழுந்திருந்தது: ‘பெட்டியில் புலி, மேஜையில் பூனை’. இப்படி ஒரு தலைப்பு வருஷத்துக்கு ஒன்று அமைந்தாலே பெரிது. அதை அமைத்துக் கொடுத்த கறுப்பு கிராபிக்ஸ் கார்டு, அடுத்த மேஜைமேல் திறந்து கிடந்த சோதனைக் கணினிக்குள் மூன்று விசிறிகளும் சுழல ஓடிக்கொண்டிருந்தது.

மாடியறையில் அண்ணியும் கொழுந்தனுமாக நடத்திவந்த இணையதளத்துக்கு வேலை இதுதான். கணினி விளையாட்டுகளின் காட்சியைத் திரையில் வரையும் கிராபிக்ஸ் கார்டுகள் புதிதாக வந்தால், ஒன்றோடொன்று மோதவிட்டு எது மேல் என்று சொல்ல வேண்டும். அளப்பது அவள், எழுதுவது அவன். பெட்டியில் அச்சடித்திருக்கும் மெமரி, கோர்களின் எண்ணிக்கை, வேகம் எல்லாவற்றையும் அவன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அவள் காதில் வாங்கிக்கொண்டு, “ஜாதகம் நல்லாத்தான் இருக்கு. குடும்பம் நடத்துமான்னு பாப்போம்,” என்பாள். அதற்குப் பிறகு அவள் செய்வதை எட்டு வருஷமாகப் பார்த்தும் அவனுக்கு அலுக்கவில்லை. கார்டை வெளியே எடுத்ததும் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் விளிம்போடு ஓர் இழுப்பு இழுத்துத் துடைப்பாள். பரீட்சைக்கு உட்காரும்போது அதன்மேல் ஒரு கைரேகைகூட இருக்கக் கூடாது. ஏழு விளையாட்டுகள், ஒவ்வொன்றும் மூன்று தடவை. அறையின் சூடு ஒரு டிகிரி ஏறிவிட்டாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வினாடிக்கு நூற்றுப் பத்து பிரேம், அதாவது நூற்றுப் பத்து படம், என்று அவள் எழுதினால் நூற்றுப் பத்துதான். கார்டைச் செய்தவனே வந்து இன்னும் ஒன்று கூடுதல் என்று சத்தியம் செய்தாலும் வாசகர்கள் நம்பமாட்டார்கள்.

அன்றைக்கு எதிரெதிரே நின்றவை இந்தக் கறுப்பும் வேறொரு கம்பெனியின் சிவப்பும். ஜாதகத்தில் கறுப்பு எல்லா வகையிலும் ஒரு படி மேலே. ஓடவிட்டபோது சிவப்பு நூற்றுப் பத்து, கறுப்பு நூற்று நான்கு. மாலை ஐந்து மணிக்கு முன்னால் யாரும் முடிவை வெளியிடக் கூடாது என்று கம்பெனிகள் சொல்லியிருந்தன. ஐந்து அடித்ததும் முந்துகிறவர்களுக்குத்தான் கூட்டம். இப்போது மணி மூன்று.

“எது சாப்பிடலை?” என்றான்.

“கறுப்பு. முந்நூறு வாட் இழுக்கும்னு பெட்டியில போட்டிருக்கு. மீட்டர்ல இருநூத்தி நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது.”

“கம்மியா இழுத்தா நல்லதுதானே அண்ணி. அதையும் பாராட்டி ஒரு வரி போட்டுடறேன்.”

“பாதி வயித்தோட ஓடச் சொல்லிட்டு, ஏன் பிந்தினேன்னு கேக்கற மாதிரி இருக்கு எனக்கு. சத்தத்தையும் கேளுங்க. மூணு விசிறி இருக்கு, மூச்சு விடறதுகூடத் தெரியலை.”

கணினியை அணைத்து, கார்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் அரிசி மணியளவுகூட இல்லாத ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் முழு வேகம். மறு பக்கம் தள்ளினால் அமைதி; மின்சாரமும் சத்தமும் குறையும், கூடவே வேகமும். முழு வேகத்தில் வைத்துத்தான் அனுப்பியிருப்பதாகக் கூட வந்த தாள் சொன்னது. சுவிட்ச் அமைதிப் பக்கம் இருந்தது.

“யாரு தள்ளினது?” என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

அண்ணி சுவிட்சை நகத்தால் முழு வேகத்துக்குத் தள்ளினாள். துணியை எடுத்துக் காலையில் துடைத்த அதே இழுப்பில் ஒரு தடவை துடைத்தாள். சுவிட்ச் சத்தமில்லாமல் மறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

“நான்தான்,” என்றாள்.

“இருபத்தோரு ஓட்டம். மறுபடி ஓட்டினா ஆறு மணி ஆயிடும், அண்ணி. இப்படி ஒரு சுவிட்ச் இருக்குன்னு கடைசியில ஒரு குறிப்பு போட்டுடலாமே?”

“மேல பூனைன்னு போட்டுட்டு, கீழ பொடி எழுத்துல புலின்னு போடுவீங்களா?”

கேட்டுக்கொண்டே அண்ணி சுவிட்சை மறுபடி முழு வேகத்துக்குத் தள்ளி, கார்டைப் பொருத்தினாள். முதல் விளையாட்டைத் தொடங்கினாள்.

நாலரைக்கு அண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். “என்ன, பரீட்சை பேப்பரைத் தொலைச்ச வாத்தியாருங்க மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றார். யாரும் சிரிக்காததால் தன் டீயை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்து மணிக்கு மற்ற தளங்களின் கட்டுரைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றையாவது திறந்து பார்க்க அவனுக்குக் கை பரபரத்தது. அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினான்காவது ஓட்டத்தில் அறை சூடேறியபோது, வழக்கம்போலவே நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். உலகமே முந்திப் போய்க்கொண்டிருக்க, ஒரு டிகிரி இறங்குவதற்காக அவள் காத்திருந்த அந்த ஒன்பது நிமிஷமும் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எரிச்சல் எந்த நிமிஷத்தில் போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

கறுப்பு, நூற்றுப் பதினேழு. தலைப்பை அவனே அழித்தான்.

“காலையில தப்பா அளந்தோம், அதான் தாமதம்னு முதல் வரியிலயே போடுங்க,” என்றாள். “அளந்தோம் இல்லை, அளந்தேன்னு.”

“நாமன்னே இருக்கட்டும் அண்ணி.”

“துடைச்சது நான்.”

அப்படியே போட்டு வெளியிட்டான். அண்ணி எழுந்திருக்கவில்லை. டீ ஆடை கட்டிக் கிடந்தது.

“போன வருஷம் ஒரு வெள்ளைக் கார்டு வந்துச்சே, தம்பி. அதுலயும் இதே மாதிரி சுவிட்ச்.”

நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த சின்னக் கம்பெனியின் முதல் கார்டு அது. சொன்ன வேகம் வரவில்லை என்று அண்ணி அளந்து கொடுக்க, ‘வாங்காதீர்கள்’ என்று எழுதியவன் அவன்.

“அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை. அதை வடிவமைச்ச பொண்ணு அப்பவே ஒரு மெயில் போட்டுச்சு.”

“படிங்க.”

தேடி எடுத்துப் படித்தான். ‘எங்கள் மேஜையில் இப்படி வரவில்லை. எங்கே பிசகியது என்று தெரியாமல் இரண்டு வாரமாகத் தவிக்கிறோம். இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க முடியுமா?’ என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள்.

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

அதையும் படிக்க வேண்டியிருந்தது. எங்கள் அளவு தவறியதில்லை, உங்கள் மேஜையை மாற்றிப் பாருங்கள் என்று இரண்டே வரி.

“நல்லாத்தான் எழுதறீங்க,” என்றாள் அண்ணி.

முக்காலியைப் போட்டு ஏறி, மேல்தட்டில் பின்வரிசையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கம்பெனி அதைத் திருப்பிக் கேட்டிருக்கவில்லை. கேட்க அங்கே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்பதும் தெரியாது. பெட்டியைத் திறந்து விளிம்பைப் பார்த்தார்கள். சுவிட்ச் அமைதிப் பக்கம் இருந்தது. அண்ணி நகத்தால் சுவிட்சைத் தள்ளி, கார்டைப் பொருத்தி, கணினியை இயக்கி, முதல் விளையாட்டைத் தொடங்கினாள்.

வெள்ளை விசிறிகள் ஒரு கணம் தயங்கிவிட்டு, சேர்ந்து சுழன்றன. அண்ணி குனிந்து காதைக் கொடுத்தாள். அவனும் குனிந்தான். போன வருஷம் இதே அறையில் வைத்து ஓட்டியபோது அந்தக் கார்டிடமிருந்து அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்டிராத சத்தம் ஒன்று, அடித்தொண்டையில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.