முழுக்கை ரவிக்கை

சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கடலூர் முதுநகரில் நடமாடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாம் என் வீட்டுக்காரர் தேவசகாயம் செய்த வேலை.

சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை சிதம்பரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகிறவள் நான். ஒருநாள் டாக்டர், "ரிப்போர்ட் கொஞ்சம் பரவாயில்லம்மா" என்றார். அந்தக் கொஞ்சத்தை என் வீட்டுக்காரர் முழுசாக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவரவர் பெற்ற நன்மையைச் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "ஆண்டவர் என் மனைவிக்குப் பூரண சுகம் குடுத்துட்டார். இனிமே டயாலிசிஸே வேணாம்!" என்றார். சபையே கைதட்டியது. அப்போதே எழுந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டியவரை நாலு பேர் முன்னால் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பிழைப்புதான். சிதம்பரத்துக்கு முதல் பஸ். யாராவது கேட்டால், அங்கே தங்கச்சி வீடு. ஊசி குத்திப் புடைத்துப்போன கையை மறைக்க இந்த ரவிக்கை. பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். நோய் வந்தபோதுகூட நான் இப்படிக் கூனிக் குறுகியதில்லை.

பூரண சுகம் கேட்கிற தைரியமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. செத்துவிடலாம் போலிருந்த ஒரு காலையில் ஆண்டவரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: இன்றைக்குப் பஸ் ஏற மட்டும் பலம் கொடும். கொடுத்தார். அன்றிலிருந்து பஸ் ஏறுகிற ஒவ்வொரு நாளும் அதையே கேட்கிறேன். இந்தச் சின்ன விஷயத்தைச் சபையில் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன். குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சபை அருள்மொழி அக்கா தன் தம்பி சார்லஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அவனுக்கும் இதே நோய்தான், வேறு கிழமைகளில் வருகிறவன். முகம் வீங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.

"நீ இன்னா கிருபா இங்க?"

போர்வையை இழுத்துக் குழாயை மூடப் பார்த்தேன்.

"ஒன்ன மாதிரி இவனுக்கும் சுகமாவும்னுதானே பத்து நாளா கூட்டியாரல! போனா விசுவாசம் இல்லன்னு ஆயிடும்னு அடம் புடிச்சானே!"

டீ வாங்கிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இவன் பிழைக்காவிட்டால் அந்தப் பழி எங்கள் தலையில்தான்.

அவனைப் பக்கத்துக் கட்டிலில் போட்டு மெஷினில் இணைத்தார்கள். மதியத்துக்கு மேல் மூச்சு சீராகி, கண் திறந்தான்.

"அக்கா, ஒங்களுக்குச் சுகமாவலியா?"

"இல்லடா தம்பி."

"அப்ப ஆண்டவர் ஒண்ணுமே செய்யலியா?"

"செய்றார்டா. ஒவ்வொரு வாட்டியும் பஸ் ஏறத் தெம்பு குடுக்கறார். அடுத்த வாட்டி திரும்பக் கேப்பேன்."

அவன் கண்ணோரம் நீர் வழிந்தது. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

செருப்பால் அடித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அரைக்கை ரவிக்கையோடு சபைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் எழுந்து, "அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றார். அதற்கு மேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கைதட்டவில்லை. அருள்மொழி அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது சார்லஸுக்கும் எங்கள் கிழமைதான். செவ்வாய்க்கிழமை அக்காவும் அவனும் பஸ்ஸில் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பின்வாங்கினார்.

"நீ போ கிருபா. நான் அடுத்த பஸ்ல வர்றேன்."

சார்லஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்து சீட்டில் போட்டான்.

"மாமா, ஒங்களுக்கு எடம் புடிச்சிட்டேன். ஏறுங்க."

அவர் ஒரு காலைப் படியில் வைத்தார்; மற்றது தரையிலேயே நின்றது. அன்றைக்கு நான் பலம் கேட்டது எனக்காக அல்ல.

அவர் ஏறினார்.