கோயில் இல்லாத ஊரில் பிடியரிசி

அந்தக் காலத்து நெய்வேலியில் எவ்வளவு தனியாக இருந்தாலும் ஒரு சத்தம் மட்டும் கூடவே இருக்கும். நிலக்கரிக்கு அடியில் கிடக்கும் ஊற்றுத் தண்ணீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் ஏரியாகிவிடும் என்பார்கள். அந்தப் பம்புகளின் ரீங்காரம் குவார்ட்டர்ஸ் சுவருக்குள் வரும், தலையணைக்குள்ளும் வரும். பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பதுபோல இருக்கும் கிருபையம்மாளுக்கு. அரைத் தூக்கத்தில் எழுந்துபோய்ப் பார்ப்பாள். பக்கத்து அறையே கிடையாது. ஒற்றை அறை வீடு அது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து கணவன் ஞானமுத்துவோடு வந்தவள் அவள். அவன் மைன்ஸில் ஃபிட்டர். வந்த எட்டாம் மாதம் மஞ்சள்காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. ஆபீசில் இரக்கப்பட்டு அவளுக்கு லேபில் வேலை கொடுத்தார்கள். ஆழ்குழாய்களிலிருந்து சோதனைக்கு வரும் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நாளை ஓட்டிவிடலாம். அவளும் அப்படித்தான் ஓட்டினாள். முப்பத்திரண்டு வயதில் வாய்ப்பேச்சு துருப்பிடிக்க ஆரம்பித்தது.

அவள் ஊர்க் கிறிஸ்தவப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். அது பிடியரிசி, கர்த்தருக்கு உள்ளது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நெய்வேலியில் அவள் சபைக்கு அப்போது கோயில் கட்டியிருக்கவில்லை. நெல்லிக்குப்பத்தில் ஒரு கோயில் இருந்தது. பண்ருட்டி போய் பஸ் மாற வேண்டும். ஞானமுத்து இருந்தபோது இரண்டு தடவை போனார்கள். அவன் போனபின் அவள் போகவில்லை. ஆனால் கை பழக்கத்தை விடுமா? ஒருத்திக்குப் பொங்குகிற அரை உழக்கிலும் ஒரு பிடி எடுத்தாள். அவள் வயிறு நிறையாத நாளிலும் டின் நிறைந்தது. பதினாலு மாதத்தில் இரண்டு தகர டின்கள்.

வண்டு விழுந்தால் வெயிலில் காயவைத்து, புடைத்து, திரும்பக் கொட்டி மூடினாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"உங்க சாமி எப்பங்க இத சாப்புடப் போறாரு? பழைய அரிசின்னா சோறு நல்லா மலரும்னு காத்துக்கினு இருக்காரா?"

கிருபையம்மாள் சிரிக்கவில்லை. கடவுள் காரியத்தில் அவள் கொஞ்சம் கறார்தான், என்ன செய்வது.

ஆனால் தனியாக முழங்காலில் நிற்கும்போது அதே கடவுளோடு சண்டை பிடிப்பாள். "ஆண்டவரே, எதுக்கு என்னய இந்தக் காட்டுல கொண்டாந்து போட்டீரு? அவரையும் எடுத்துக்கிட்டீரு. எனக்குன்னு ஒரு வேல வச்சிருந்தா சொல்லும். இல்லன்னா ஊருக்கு அனுப்பிவிடும்." சொல்லிவிட்டுக் காது கொடுத்து நிற்பாள். தரைக்கு அடியில் தண்ணீர் நகர்கிற மாதிரி இருக்கும். தான் நிற்கிற தரை ஒரு தோணி என்றும், அது எங்கேயோ மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றும் தோன்றும். எங்கே என்று மட்டும் தெரியாது. பம்பு சத்தம்தான் கேட்கும்.

ஐப்பசியில் அண்ணன் கடிதம் எழுதினார். ஊர்ப் பள்ளிக்கூட விடுதியில் சமையலுக்கு ஆள் தேவை, வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்துவிடு என்றார். அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வருகிற சனிக்கிழமை பிடியரிசியை நெல்லிக்குப்பம் கோயிலில் ஒப்படைப்பது. திங்கட்கிழமை ராஜினாமா. பிறகு ரயில். அதற்குள் கர்த்தர் ஏதாவது சொன்னால் இருப்பது. சொல்லாவிட்டால் அவரை மேற்கொண்டு தொந்தரவு செய்வதில்லை.

கர்த்தர் மழையை அனுப்பினார். சுரங்கத்து மண்ணும் சாலையும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக, ஆறு நாளாக விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வீராயி வந்தாள். பிளாக்கு ஓரத்து நாலு குடிசைகளில் ஒன்றில் இருப்பவள்; கான்ட்ராக்டில் மண் சுமக்கிறவள். குடிசைகளுக்குக் குழாய் இல்லாததால் தினமும் கிருபையம்மாள் வாசல் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பாள். அன்றைக்குக் குடம் கொண்டுவரவில்லை.

"அக்கா, ஆறு நாளா வேல இல்லீங்க. ஒரு படி அரிசி குடுத்தீங்கன்னா மழ வுட்டதும் குடுத்துடுவேன்."

கிருபையம்மாள் தன் பானையைக் கவிழ்த்து, இருந்ததில் பாதியை, ஓர் உழக்கு தேறும், அவள் முந்தானையில் போட்டாள். வீராயியின் கண் மூலையில் இருந்த டின்களைப் பார்த்தது.

"அதுல இருக்குதுங்களேக்கா."

"அது எனக்குள்ளது இல்லட்டி. ஆண்டவருக்கு உள்ளது. தொடக் கூடாது."

வீராயி பயபக்தியோடு தலையாட்டினாள். கேலி எதுவும் இல்லை. "அவரு எப்பங்க வந்து எடுத்துக்கினு போவாரு?"

"நாந்தான் கொண்டுபோய்க் குடுக்கணும். நாளைக்கு."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி கிருபையம்மாள்தான். அது அவளுக்குத் தெரியவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்தாள். ஆனால் லேபிலிருந்து வந்து பிற்பகல் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு வந்தது. அவள் ஊர்க் கோயில். தரையெல்லாம் கணுக்கால் தண்ணீர், வெதுவெதுவென்று. பெண்கள் வரிசையாக வந்து பானையைக் கவிழ்க்கிறார்கள். அரிசி வெள்ளையாக விழுகிறது. அவள் முறை வருகிறது. கவிழ்க்கிறாள். விழவில்லை. தட்டுகிறாள், உலுக்குகிறாள், பானை கனக்கிறது, ஒரு மணிகூட விழவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. பொறுமையாகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. ஷிஃப்ட் சங்கு ஊத, விழித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அரிசியை ஒரு சாக்கில் கட்டித் தலையில் வைத்து, மேலே ஓலைக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். வெகுநேரம் நின்றாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி, "பஸ்ஸு வராதுங்கம்மா. திருவதிகைகிட்ட கெடிலம் ஆத்துல வெள்ளம். ரோட்டுமேல தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது. நேரே வானத்தைப் பார்த்தே வந்தது. உமக்கு உள்ளதை உம்மிடம் கொண்டுவந்து கொடுக்கிறதுக்குக்கூட வழி விடமாட்டீரா என்று கேட்டாள். ஓலைக் கூடை ஒழுகி மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியதைத் தவிர வேறு பதில் இல்லை.

சுமையோடு சுற்றுவழி நடக்கத் தெம்பில்லை. குடிசைகளின் நடுவே குறுக்கே நடந்தாள். காலை பதினொரு மணி. குழந்தைகளின் சத்தமே இல்லை. வீராயி வீட்டு வாசலில் தட்டி விலகியிருந்தது. உள்ளே அவளுடைய நாலு பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் தூங்குவது எதனால் என்று தாய்மார்களுக்குத்தான் தெரியும் என்றில்லை; கிருபையம்மாளுக்கும் தெரிந்தது. வீராயி ஒரு சட்டியிலிருந்து கஞ்சியை நாலு குவளைகளில் அளவு பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கஞ்சி என்று பெயர். குவளையின் அடி தெரிந்தது.

"நேத்து நீங்க குடுத்ததுதாங்கக்கா" என்றாள் வீராயி, கொஞ்சம் பெருமையாகவே. "நாலு வூட்டுக்கும் வருது."

கிருபையம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. தலையில் கால் மூட்டை அரிசியோடு ஓர் உழக்குக் கஞ்சி பங்கு பிரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாக்கை இறக்கினாள்.

"பெரிய பானை இருந்தா எடுட்டி."

வீராயி சாக்கைப் பார்த்தாள். ஓர் எட்டுப் பின்னால் போனாள். "வாணாங்கக்கா. சாமி அரிசிங்க அது. தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. புள்ளைங்களுக்கு எதுனா ஆயிடப் போவுது."

மூலையில் குந்தியிருந்த அவள் புருஷன் மருதமுத்துவும் தலையாட்டினான். "உங்க கோயிலு பூசாரி வந்து எடுத்துக் குடுத்தா செரிங்க. அது இல்லாம தின்னா குத்தமாயிடும்."

பூசாரிக்கு எங்கே போவது? குருவானவர் இருக்கிற ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பசித்தவர்கள் அவள் வார்த்தையை நம்பி அரிசியைத் தொடாமல் நிற்கிறார்கள். அவள் வாயால் பூட்டியது. அவள் வாய்தான் திறக்க வேண்டும்.

ஈரத் தரையில் முழங்காலிட்டாள். சாக்கின்மேல் இரண்டு கையையும் வைத்தாள். ஞானமுத்துவின் கல்லறையை விட்டு வந்த பிறகு மனிதர் காதுபட அவள் ஜெபம் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் கரகரத்தது.

"ஆண்டவரே, உமக்கு உள்ளத நான் பூட்டி வச்சிட்டேன். மன்னியும். இந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கித் தாரும். ஆமென்."

எழுந்து சாக்கை அவிழ்த்தாள். முதல் பிடியைத் தன் வாயில் போட்டு, அவர்கள் பார்க்க, பச்சையாகவே மென்று விழுங்கினாள். "அவரு வாங்கிட்டாரு. இனி இது உங்களுக்கு உள்ளது."

மருதமுத்து எழுந்து பானை தேடப் போனான்.

பழைய அரிசி. கஸ்தூரியம்மாள் சொன்னதுபோலவே நன்றாக மலர்ந்தது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நாலு குடிசையிலும் அடுப்பு எரிந்தது. ஈர முந்திரி விறகின் புகையும் சோற்று ஆவியும் மழையும் கலந்து, எது வெளியே எது உள்ளே என்று தெரியாமல் இருந்தது. ராஜினாமா எழுத வேண்டிய திங்கட்கிழமை, கிருபையம்மாள் லேபிலிருந்து நேரே வந்து கண்ணில் நீர் வழிய அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வேளையும் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டுத்தான் சோறு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை வெயில் வந்தது. ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரி கூலியை முன்கூட்டியே கொடுத்ததில் குடிசைகளுக்கு அரிசி வந்திருந்தது. பஸ்ஸும் ஓட ஆரம்பித்தது. கிருபையம்மாள் மடித்த ராஜினாமாக் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீராயி வீட்டுக்குப் போனாள். கையில் எதுவும் இல்லை. வெறுங்கையோடு போவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அரிசி தீந்துபோச்சுட்டி. ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"யாருங்க உங்கள அரிசி கேட்டாங்க?" வீராயிக்கு எரிச்சலாக இருந்தது. "எப்ப வருவீங்கன்னு பாத்துக்கினு இருக்கேன். காலையிலேர்ந்து இதுங்க கஞ்சியத் தொட மாட்டேங்குதுங்க. நீங்க வந்து சொல்லணுமாம். நான் சொன்னா செல்லாதாம். வந்து குந்துங்கக்கா."

உள்ளே நாலு பிள்ளைகளும் நாலு குவளைகளின் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். சின்னது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தது. பார்த்ததும் இறுக மூடிக்கொண்டது.

கிருபையம்மாள் உட்கார்ந்தாள். சின்னது நகர்ந்து வந்து அவள் மடியில் சாய்ந்துகொண்டது. ரோட்டில் பண்ருட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அண்ணனுக்கு என்ன எழுதுவது என்பதெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. கஞ்சி ஆறுகிறதே என்றுதான் தோன்றியது. கண்ணை மூடி, ஜெபத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.