நான்கு திங்கட்கிழமை மீதி

சபியா உம்மாவின் வலது தோள்பட்டைக்குக் கீழே கொட்டைப்பாக்களவில் ஒரு சதைக்கட்டு மூன்று வருசமாக இருந்தது. பாரிசவாதம் விழுந்த கணவர் மக்கீனைக் கட்டிலிலிருந்து நிமிர்த்தும்போதெல்லாம், அவர் தனது இன்னும் அசைகிற இடக்கையை அந்தத் தோளில்தான் கொளுவுவார். ஐந்து வக்துத் தொழுகைக்கும் கைகால் கழுவி ஒழுச் செய்ய, சாரன் மாற்ற, வாசலில் காற்று வாங்க. பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைப்போம் என்று மகள் அம்ஹா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். வேற்றுக் கை பட்டால் மக்கீன் அன்றைக்குச் சோறு தின்னமாட்டார்.

தோள் விட்டுப்போனால் அவரை யார் தூக்குவது? அந்தப் பயத்தில்தான் சபியா உம்மா ஆயுர்வேதப் பெண் டொக்டர் நஸ்லினிடம் போய்க் குப்புறப் படுத்தாள். மயிர் போல மெல்லிய ஊசிகள். உள்ளே மருந்து இல்லை. கட்டுக்குள் ஊசி இறங்கினால் சதை ஒரு துடி துடித்து இளகும். பத்துத் திங்கட்கிழமை வரச் சொன்னார் நஸ்லின்.

"தூக்கிறத நிப்பாட்டுங்க உம்மா. நான் இளக்கிற கட்ட நீங்க ஊட்டுக்குப் போய்த் திரும்பக் கட்டுறீங்க."

"அவரத் தூக்கத்தானே மகள் இந்த ஊசியே!"

வீட்டுக்கு வந்தால் மக்கீன் குழறிச் சிரிப்பார்.

"முள்ளம்பன்றி வந்திட்டு. கிட்ட வராத, குத்தும்."

"குத்தினா கத்துங்க, பாப்பம்" என்று தோளைக் கொடுப்பாள்.

ஆறு திங்கட்கிழமைகள் முடிந்தன. ஏழாவது திங்களன்று சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போய்க் குனிந்தவளின் தோளில் அந்தக் கை கொளுவவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது.

கணவனை இழந்து இத்தாவில் இருப்பவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்கமாட்டாள் என்பதால், இரண்டாம் மாதம் நஸ்லினே ஊசிப் பெட்டியோடு வீடு தேடி வந்தார். வெள்ளைச் சீலையை விலக்கி விரலால் அமர்த்தினார். மேலே, கீழே, முதுகெலும்போரம். அமர்த்திய இடமெல்லாம் மெதுமெதுவென்று இறங்கியது.

"கட்டுக் கரைஞ்சிட்டே உம்மா! இனி ஊசி தேவல்ல, அல்ஹம்துலில்லாஹ்."

தலையணையில் முகம் புதைத்திருந்தவள் கையைப் பின்னால் மடித்து, எட்டுமட்டும் எட்டி, தானே அந்த இடத்தைத் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"இல்ல மகள், இரிக்கி. வடிவாத் தேடுங்க" என்றாள். "மூணு வருசம் இருந்தது, ரெண்டு மாசத்தில எங்க போகும்?"

நஸ்லின் பெட்டியைத் திறக்கவில்லை. உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து, தோள் குலுங்கி ஓயும்வரை எடுக்காமல் இருந்தார்.