சர்வேயரம்மா பின்னால் வந்த மனை

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் கிடந்த காலி மனை ஒரு புதன்கிழமை சாயங்காலம் சர்வேயரம்மாவின் பின்னாலேயே நடந்து அவர் வீட்டுக்குப் போய்விட்டது. வழியில் பெரிய சேதம் எதுவும் இல்லை. மருந்துக்கடையின் பெயர்ப்பலகை கொஞ்சம் சாய்ந்தது. அதைக் கடைக்காரர் மறுநாளே நிமிர்த்திக்கொண்டார். அம்மா திரும்பியே பார்க்கவில்லை. பால் வாங்கினோமா இல்லையா என்ற யோசனையில் நடந்தவர், கேட்டைச் சாத்தத் திரும்பியபோதுதான் பார்த்தார். முள்செடிகள், உடைந்த சிமெண்டுத் தொட்டி, தொட்டி நிழலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் உட்பட மொத்த மனையும் தெருவில் வந்து படுத்திருந்தது. நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எதிர் வரிசை வீடுகள் அத்தனையும் மனையின் அகலத்துக்கு அப்பால் தள்ளிப்போயிருந்தன. சர்வேயரம்மா வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று ஜன்னல் வழியாகவே பார்த்து ஊருக்கெல்லாம் சொல்லிவந்த எதிர்வீட்டம்மாவுக்கு அன்று கண்ணாடி போட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. பணிமனைக்குப் பின்னால் குழி விழுந்திருக்கும் என்று பார்க்கப் போனவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். பணிமனைச் சுவரும் மனைக்கு மறுபக்கம் இருந்த பள்ளிக்கூடச் சுவரும், கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் என்கிற மாதிரி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

இதற்குக் காரணம் நகராட்சியின் ஒரு பழைய பழக்கம். வீடு கட்ட ஊரில் எங்கெங்கே இடம் இருக்கிறது என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள். ஒவ்வொரு மனைக்கும் மூன்று கேள்வி. இடம் நிஜமாகக் கிடைக்குமா, வீடு கட்டத் தோதானதா, அடுத்த கணக்கெடுப்புக்குள் கட்டி முடியுமா. மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் கணக்கில் ஏறும். சொல்வது சுலபம். காலி என்று நம்பிப் போனால் அங்கே ஒரு வழக்கு குடியிருக்கும், இல்லாவிட்டால் அளக்க ஆரம்பித்த அரைமணியில் எங்கிருந்தோ ஒரு பங்காளி முளைப்பார். இந்த மனைக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அதற்கு நாதியே இல்லை. ஆனால் உரிமையாளர் முன்னிலையில்தான் அளக்க வேண்டும் என்பது விதி. அதனால் சர்வேயரோடு அளவுச் செயின் பிடிக்க வருபவர் மனையின் நடுவில் நின்று, "உரிமையாளர் யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தரம் கூவுவார். பதில் வராவிட்டால் வேலை நிற்கும், இன்னொரு நாள் அதே வெயிலில் வந்து சாக வேண்டும். ஆகவே யாருமற்ற மனைகளில் மூன்றாவது கூவலுக்குச் சர்வேயரே "இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது, எந்த மனையும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இது எடுத்துக்கொண்டது. அத்தனை காலம் கேட்பாரற்றுக் கிடந்தது, பாவம், ஒரு குரல் பதில் சொன்னதும் நம்பிவிட்டது.

சர்வேயரம்மாவின் வீடு இரண்டு அறை. ஒன்றில் அவர். மற்றதில் தங்கை, தங்கை வீட்டுக்காரர், அவர்களுடைய இரண்டு பெண்கள். தங்கை வீட்டுக்காரர் தையற்காரர். அவருடைய மெஷின் நடைவழியில் இருந்ததால் குளியலறைக்குப் போகிற யாரும் பக்கவாட்டில் திரும்பி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். "ஒரே ஒரு மாசம்க்கா" என்று சொல்லி வந்தார்கள். ஆறு வருஷம் ஆகிவிட்டது. அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, தங்கைக்கு அதுவே தாங்க முடியாததாக இருந்தது. நகராட்சி வீட்டுக்குக் காத்திருக்கும் வரிசையில் அவர்களும் இருந்தார்கள். பணிமனை மனை கணக்கில் ஏறினால் அதில் பதினாறு வீடு வரும், வரிசையின் முதல் பதினாறு குடும்பத்தில் அவர்களும் ஒன்று. ஏறாவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் மூச்சைப் பிடிக்க வேண்டியதுதான்.

இந்த நிலைமையில் மனை வாசலுக்கே வந்ததும் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "நாமளா போய் கூப்பிட்டோம்? அதுவா வந்துச்சு. ஒரு ஓரமா எங்களுக்கு ரெண்டு ரூம் போட்டுக்கிறோம். யாரு வந்து கேக்கப் போறா?" என்றாள்.

"பதினாறு குடும்பத்துக்குப் போக வேண்டிய இடம்டி அது."

"அந்தப் பதினாறுல நாங்களும் இருக்கோமே!"

"அதனாலதான் சொல்றேன். மத்த பதினஞ்சு பேர் மூஞ்சில நாளைக்கு நீ முழிக்க வேண்டாமா?"

"வாசல்ல வந்து நிக்கிறதை வேண்டாம்னு சொல்ற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்க்கா. ரொம்ப நல்லவ. நல்லா இரு." அன்று பேச்சை நிறுத்தியவள்தான். ஒரே வீட்டில், தோள் இடிக்க இடிக்க நடந்துகொண்டு, பத்து நாள் இருவரும் பேசாமல் இருந்தார்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று சின்ன வீட்டில் கோபித்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பத்து நாளும் காலையில் அம்மா மனையைப் பணிமனைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். அவர் அங்கே நிற்கும்வரை அது சமர்த்தாக இருக்கும். பொழுது சாய்ந்தால் போதும், வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். நகராட்சிப் பொறியாளர் நல்ல மனிதர்தான், ஆனாலும் அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "இடம் இருக்கு, ஒத்துக்கிறேன். எங்க இருக்குன்னு நான் என்னன்னு எழுதுறது? பகல்ல ஏழாவது வார்டு, ராத்திரி பதினொன்னாவது வார்டா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். நடமாடும் நிலத்துக்கு அஸ்திவாரம் தோண்ட முடியாது. மாதக் கடைசிக்குள் மனை ஓரிடத்தில் நிற்காவிட்டால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். ஒரே வழிதான் இருந்தது. மறுபடி முறைப்படி கூவ வேண்டும், இந்தத் தடவை அம்மா வாய் திறக்கக் கூடாது, அப்போதுதான் மனை அவரை விடும்.

விஷயம் பரவி, வரிசையில் இருந்த மற்ற பதினைந்து குடும்பமும் கூவுகிற நாளன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தன. லாரி ஓட்டுபவர் குடும்பம், சலூன்காரர் குடும்பம், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அம்மாவும் அவருடைய மகள்களும், இன்னும் பலர். எல்லோரும் மனைக்கு வெளியே, விளிம்பை மிதிக்காமல் நின்றார்கள். செயின் பிடிப்பவர் முதல் தரம் கூவினார். சர்வேயரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். மழை இல்லாமலே மனையின் மண் நனைய ஆரம்பித்தது. இரண்டாம் தரம் கூவியபோது அம்மாவின் செருப்புக்கடியில் தண்ணீர் ஊறியது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்தும் யாரோ என்று சொல்வது போல இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அந்த ஒரு சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டே வாழ்ந்தவர்கள் அவர்கள். உரிமையாளர் யார் என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கத்தான் அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

செயின் பிடிப்பவர் விவரமானவர். மூன்றாம் தரம் கூவுவதற்கு முன் தண்ணீர் குடித்தார், துண்டை உதறினார், தொண்டையைச் செருமினார். இனி இழுக்க முடியாது என்றானதும் கூவினார். அப்போதுதான், நான் வரவே மாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்த தங்கை, இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். காலடியில் ஊறும் தண்ணீரைப் பார்த்தாள். ஓரமாக ஒதுங்கி நிற்கும் ஜனங்களைப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இருக்கோம்யா! மனுஷன் தொண்டை கிழியக் கத்துறான், அத்தனை பேரும் வாயில என்ன வச்சிருக்கீங்க?" என்று கத்திக்கொண்டே விளிம்பைத் தாண்டி நடுவில் போய் நின்றாள். அப்புறம் கேட்க வேண்டுமா? தரை துடைக்கும் அம்மா "நாங்களும் இருக்கோம்" என்றபடி இறங்கினார். சலூன்காரர் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மனை கொள்ளாத கூட்டம்.

அன்று பொழுது சாய்ந்ததும் பதினாறு குடும்பமும் பதினாறு திக்கில் வீட்டுக்குப் போயின. யார் பின்னால் போவது என்று மனைக்குத் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது, பிறகு இருந்த இடத்திலேயே படுத்துவிட்டது. சர்வேயரம்மா தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வெறும் தெருவாகக் கிடந்த வாசலைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். தங்கை வந்து, "சரி சரி, விடுக்கா" என்று தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பத்து நாள் கழித்து அக்காவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். மனை கணக்கில் ஏறியது. மூன்றாம் வருஷம் வீடுகள் எழும்பின. தங்கை குடும்பம் குடிபோனது. நடைவழியில் மெஷின் இல்லை, தாராளமாக நடக்கலாம். அம்மாவுக்கோ அந்தத் தாராளம் ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை.

வீடுகள் எழும்பிய மறுவருஷம், குடியிருப்பின் தண்ணீர்க் குழாய் ஒரு மூட்டில் இழுபட்டு விலகியது. அடுத்த வருஷமும் அதே இடத்தில் விலகியது. பொறியாளர் நாடா வைத்து அளந்து பார்த்தார். பதினாறு வீடும் குடித்தனமும் சேர்ந்து வருஷத்துக்கு இருபது அடி வீதம் சர்வேயரம்மாவின் தெருவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. சுவரில் ஒரு கீறல் இல்லை, குடியிருப்பவர்கள் யாருக்கும் புகாரும் இல்லை. அதனால் நகராட்சி வருஷாவருஷம் அந்த நீளத்துக்குக் குழாய் ஒதுக்கிவிடுகிறது. இடையில் உள்ள வீடுகள் அவ்வப்போது ஒதுங்கி வழிவிடுகின்றன. இந்தக் கணக்குப்படி அக்காவுக்கு எண்பது வயதாகும்போது தங்கையின் சமையலறைச் சுவர் அக்கா வீட்டுக் கொல்லைச் சுவரில் வந்து முட்டும். அங்கே ஒரு கதவு வைப்பது என்று முடிவாகிவிட்டது. அது எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில்தான் இருவருக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. கதவை மட்டும் இப்போதே வாங்கி அக்கா வீட்டுக் கொல்லையில் சாத்தி வைத்திருக்கிறார்கள். மழையில் ஊறாமல் இருக்க அதற்குத் தையற்காரர் ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறார்.