தரக் கட்டுப்பாட்டில் ஒரு மீன்தொட்டி

திருவரங்கத்துப் பெருமக்களுக்குப் பணிவன்புடன் அறிவிப்பது யாதெனில்: திருவெறும்பூரில் ஒரு பெரிய ஃபாக்டரியில் துணைப் பொது மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டுச் சிங்கம் ஸ்ரீனிவாசராகவன் அவர்களின் அம்மா மண்டபம் ரோடு இல்லத்தில், அக்ரிலிக் மீன்தொட்டி ஒன்று விரிசல் கண்டுவிட்டது.

மாநகராட்சி விடுமுறை விடவில்லை. பெருமாளும் சயனத்திலிருந்து எழவில்லை.

தொட்டியில் இருந்தது ஒரே ஓர் ஆஸ்கர் மீன். மகள் கமலினிக்குப் பிரசவம் பார்க்க டொரன்டோ போன மனைவி கோதைநாயகி, பேரன் தவழ்ந்து, நடந்து, ஸ்கூலுக்கே போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வந்தபாடில்லை. ஆகவே அந்த வீட்டில் ஸ்ரீனிவாசராகவன் வந்தால் திரும்பிப் பார்க்கிற ஜீவன் அந்த மீன் மட்டும்தான். அதுவும் சாப்பாட்டு வேளையில்.

மீன் புதுக் கண்ணாடித் தொட்டிக்குக் குடிபோய்விட்டது. பழையதைத் தூக்கி எறிவானேன், ஒட்டிச் சரிசெய்து, புதுத் தொட்டி நிற்கும் கதவு வைத்த ஸ்டாண்டுக்குள் சம்ப்பாக வைத்துவிடலாம் என்று ஏற்பாடு. மேல்தொட்டியின் அழுக்குத் தண்ணீர் அதில் இறங்கி, பஞ்சில் வடிந்து, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். ஒழுகாமல் இருந்தால் போதும்.

ஒட்டுவதற்கு வந்தவர் கிளமென்ட். அரியமங்கலத்தில் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்துகொடுக்கிறவர். அதற்கு முன் அதே ஃபாக்டரியில் வெல்டர். அவர் வைத்த வெல்டுகளில் ஸ்ரீனிவாசராகவன் திருப்பி அனுப்பாதது எது என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் நுனியில் சின்னத் துளை போட்டார் கிளமென்ட். மேலே ஒரு துண்டு வைத்து, விளிம்போரமாக சிரிஞ்சில் குளோரோஃபார்ம் விட்டார். அது தானே இடுக்குக்குள் ஓடி, அக்ரிலிக்கை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கியது. காய்கிற நேரத்தில் காபி. கேன்டீன் போண்டாவில் தொடங்கிய பேச்சு, காலமான மேனேஜர்களின் கஞ்சத்தனம் வரை போயிற்று. ஸ்ரீனிவாசராகவன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஹாலுக்கு அது பழக்கமில்லாத சத்தம்.

மறுநாள் ஃபோன் செய்தார். "கிளமென்ட், ஒட்டுக்குள்ள பபுள் இருக்கு."

"ஒழுகுதா சார்?"

"ஒழுகலை. ஆனா பபுள் பபுள்தான்."

பபுள் உண்மை. கிளமென்ட் வந்து மேலே இன்னொரு துண்டு ஒட்டினார். காபி, பேச்சு.

அடுத்த ஃபோன், விளிம்பு நேராக இல்லை என்று.

"சம்ப்பு கதவுக்குள்ள இருக்கப்போவுது சார். யாரு பாக்கப்போறா, மீனா?"

"ரிஜெக்ட்னா ரிஜெக்ட்."

விளிம்பும் கொஞ்சம் உண்மைதான். கிளமென்ட் வந்து தேய்த்துக் கொடுத்தார். அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே இங்கே டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது.

அதற்கப்புறம் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஸ்ரீனிவாசராகவன் ஒரு பகல் முழுக்கத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுக்கூட இல்லை. கடைசியில் விரலைத் தண்ணீரில் முக்கி, ஒட்டின் வெளிப்பக்கம் நெடுகத் தடவினார். சர்வீஸில் ஒரு ரிப்போர்ட்டில்கூடப் பொய் எழுதாத கை அது.

"கிளமென்ட், கசியறது."

கிளமென்ட் வந்தார். ஒட்டைத் துணியால் துடைத்துவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்தார். இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். காபி குடித்து, கமலினியின் பையன் பேசும் இங்கிலீஷைப் பற்றியும் பேசி முடித்தாயிற்று. பேப்பர் மொடமொடவென்று அப்படியே கிடந்தது.

"வெளியிலேர்ந்து ஒழுகுற டேங்க்கை இப்பதான் சார் பாக்குறேன்."

"காவேரிக் காத்து. ஈரம் படிஞ்சிருக்கும்," என்றார் ஸ்ரீனிவாசராகவன், முன்னாள் துணைப் பொது மேலாளரின் குரலில்.

"இருக்கும் சார்." கிளமென்ட் அவர் முகத்தைப் பார்க்காமல், பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினார். ஃபாக்டரி வழக்கம் அது. இன்ஸ்பெக்டர் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்த வேலையும் இடத்தைவிட்டு நகராது. போட்டுவிட்டால் வெல்டருக்கு அங்கே வேலையில்லை.

"உங்க கையால ஒண்ணாவது பாஸ் வாங்கணும் சார். ஊட்டுக்காரம்மா நம்பவே மாட்டேங்குது, நான் நல்ல வெல்டர்னு."

ஸ்ரீனிவாசராகவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுதாவிட்டால் இந்த மனிதர் இன்னொரு தடவை வருவார், அதற்கப்புறம் இன்னொரு தடவையும் வருவார். ஆனால் ஒட்டு நல்ல ஒட்டு. இவ்வளவு நல்ல ஒட்டை ரிஜெக்ட் பண்ண அந்தக் கைக்குத் தெரியவில்லை.

ஒட்டின் மேலேயே ஓகே என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கிளமென்ட் அதை செல்லில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டியபடி, "போயிட்டு வரேன் சார். ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்றார்.

"கண்டிப்பா. ஏதாவதுன்னா."

அதற்குப் பிறகு தொட்டி ஒழுகவில்லை.