இன்னும் வந்து சேராத பதிவு

2007ஆம் ஆண்டில் மாதாப்பூரில் இருந்த எங்கள் நிறுவனம், ஒரே கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் இயங்கச் செய்யும் மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்த உள்கணினி ஒவ்வொன்றுக்கும், நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அதைப் பேஜ் டேபிள் என்போம். அதில் ஒரேயொரு பதிவை மாற்றுவதாயினும் உள்கணினி தானாக மாற்றிக்கொள்ள இயலாது. எல்லாவற்றையும் மேலிருந்து நிர்வகிக்கும் ஹைப்பர்வைசரிடம் சென்று, மாற்றித் தரும்படி கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பதிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயணம். வேகம் குறைந்ததற்கு அதுவே காரணம்.

மாற்றங்களைச் சேர்த்துவைத்து ஒரே பயணத்தில் அனுப்பலாம் என்று நான் ஒரு திருத்தம் எழுதியிருந்தேன். வேலையில் சேர்ந்த பிறகு, முழுவதும் என்னுடையது என்று சொல்லத்தக்க முதல் திருத்தம் அது. என் கணினியில் குறைவின்றி ஓடியது. வேகமும் கண்கூடாகக் கூடியது. சோதனைக் கூடத்திலோ, தொடங்கிய சிறிது நேரத்திலேயே ‘பதிவு வந்து சேரவில்லை’ என்ற பிழைச் செய்தியோடு எல்லாம் நின்றுபோயிற்று.

எங்கள் குழுத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி அவர்கள் கடிந்துகொள்ளவில்லை.

“நாளைக்குக் காலையில ரிலீஸ் ஃப்ரீஸ்மா, அப்புறம் எதையும் மாத்த முடியாது. அதுக்குள்ள பதிவு எங்க தொலையுதுன்னு தெரியலேன்னா, உன்னோடதை எடுத்துட்டுப் பழைய வழியிலேயே அனுப்பிடுவோம்” என்றார்.

பகல் முழுவதும் தேடினேன். மாற்றங்களைச் சேர்க்கும் பகுதியை எத்தனை முறை படித்தாலும், எந்தப் பதிவும் தொலைவதாகத் தெரியவில்லை.

மாலையில் குஷாய்குடா செல்லும் அலுவலக வண்டியில் ஏறி அமர்ந்தேன். எல்லா இருக்கைகளும் நிரம்பாமல் அந்த வண்டி புறப்படாது. மல்லாபூரில் இறங்கும் சபீனா மட்டும் இன்னும் வரவில்லை. முன் இருக்கையில் ஷ்யாம் இருந்தார். சோதனைக் கூடத்தில் பணி. தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத் ரயில்வே காலனியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம்.

“சபீனாவுக்கு மட்டும் தனி டைம் ஜோன்” என்று அவர் சலித்துக்கொண்டபோது என் கைப்பேசி ஒலித்தது. அம்மா.

“எங்கடி இருக்கே? கிளம்பிட்டேன்னு சொன்னே, இன்னும் வந்து சேரலியே? அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் போய்ப் பாக்கட்டுமாங்கிறார்.”

“நான் எங்கயும் தொலைஞ்சு போகலம்மா. வண்டியிலதான் உக்காந்திருக்கேன். வண்டிதான் இன்னும் கிளம்பல.”

“அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன” என்று வைத்துவிட்டார்.

நான் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். என் பதிவும் தொலையவில்லையோ? வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறதோ? அப்படியானால், அதற்குள் வந்து சேர்ந்ததா என்று அப்பாவைப் போல் வாசலைப் பார்த்தது யார்?

“ஷ்யாம், லேப்ல எல்லாச் செக்கையும் ஆன் பண்ணித்தானே ஓட்டுறீங்க?”

“ஹவ், ஆன்லதான். கைக்கு? எதுக்குக் கேக்கிறே?”

“எழுதின உடனே திரும்பப் படிச்சுப் பாக்கிற செக்கும் இருக்கா? என் மெஷின்ல அது ஆஃப்ல இருக்கு.”

“அது கிருஷ்ணமூர்த்தி சார் எழுதினது. அதைத் தொட யாருக்குத் தைரியம்?”

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“நக்கோ ரோகிணி, இறங்காதே, அதோ சபீனா வர்றா. இப்ப நீ இறங்கினா மறுபடி ஒரு சீட்டு காலி” என்றார் ஷ்யாம். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினேன்.

கிருஷ்ணமூர்த்தி அவர்கள் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. நீங்க எழுதின செக் ரொம்பச் சரியானது சார். தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஆனா...”

“அந்த ஆனாவுக்கு அப்புறம் வர்றதைச் சொல்லும்மா. நானும் வீட்டுக்குப் போகணும்.”

“பதிவு தொலையல சார். எழுதின உடனே அட்டவணையில இருக்கான்னு செக் பாக்குது. அந்த நேரத்துல அது நான் சேத்துவைக்கிற மூட்டையிலதான் இருக்கு. மூட்டை இன்னும் கிளம்பல.”

அவர் மடிக்கணினியை மீண்டும் வெளியே எடுத்தார். தாம் எழுதிய வரிகளை நிதானமாகப் படித்தார்.

“நான் இதை எழுதினப்ப எல்லாம் ஒண்ணொண்ணா உடனே போச்சு” என்றார். பிறகு சிரித்தார். “காலையிலேயே இதைச் சந்தேகப்பட்டிருக்கணும் நீ. மரியாதையை என்கிட்ட வெச்சுக்கோ, என் புரோகிராம்கிட்ட வேண்டாம். மூட்டை போய்ச் சேர்ந்த பிறகு பாக்கிற மாதிரி நீயே மாத்திடு.”

மாற்றி முடிப்பதற்குள் ஷ்யாம் மேலே வந்துவிட்டார்.

“சபீனா கேக்கச் சொன்னா, இப்ப தனி டைம் ஜோன் யாருக்குன்னு.”

ஆயினும் அவரே சோதனையைத் தொடங்கினார். மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். வழக்கமாக நின்றுபோகும் இடம் வந்தது, நிற்காமல் கடந்தது. அடுத்த சோதனையும் கடந்தது.

“காலை வரைக்கும் ஓடட்டும்” என்றார் கிருஷ்ணமூர்த்தி அவர்கள். “நின்னா எடுத்துடுவேன். நிக்கலேன்னா உன்னோடதுதான் போகுது.” ‘நிற்காது’ என்று நினைப்பவரின் முகமாகவே அது எனக்குப் பட்டது.

வண்டி எனக்காகக் காத்திருந்தது. சபீனா தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். அதுவே பெரிய கேலியாக இருந்தது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அம்மா அழைப்பதற்கு முன் நானே அழைத்தேன்.

“இப்பத்தாம்மா வண்டி கிளம்புது. அப்பாவைச் செருப்பைக் கழட்டச் சொல்லுங்க.”